கண்டக்டர் வீட்டு ஸ்டாப்

எங்கள் டிரைவர் அண்ணனைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் பெயர். நீளமாக இருந்தால் என்ன, இந்த வாய் பொய் சொல்லாது.

அவர் ஒரு துணி ஆலையின் ஷிப்ட் பஸ்ஸை ஓட்டுகிறவர். தூக்கக் கலக்கத்தில் ஏறுகிறவர்களை ஆலை வாசலில் இறக்கிவிட்டு, அங்கே வேலை முடிந்து அதே தூக்கக் கலக்கத்தில் ஏறுகிறவர்களை வீட்டுப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பஸ் நிறைய ஆட்கள் இருப்பார்கள், பேசுவதற்கு ஒரு ஆள் இருக்காது. கோடை விடுமுறையில் மட்டும் அவருடைய முதலாளி அந்த பஸ்ஸை ஒரு முகாமுக்குக் கொடுப்பார். புற்றுநோய், ரத்தக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று பெரிய பெரிய வியாதிகளோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகளுக்காக ஏரிக்கரையில் நடக்கிற முகாம் அது. பிள்ளைகளை வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், முகாம் முடிந்ததும் வீடு வீடாகக் கொண்டுவந்து விட வேண்டும். அந்த பஸ்ஸில் கூடப் போகிற உதவியாள் நான். மற்ற நாளெல்லாம் பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. அங்கே அழுகிற பிள்ளைகள்தான் நல்ல பிள்ளைகள். இங்கே அழாத பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பஸ்ஸில் எனக்குப் பெயர் வாளி அத்தை. மருந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் திடீரென்று வாந்தி எடுப்பார்கள், அதற்குச் சிவப்பு வாளி ஒன்றை மடியிலேயே வைத்திருப்பேன். பட்டப்பெயர் வைப்பதில் அந்தப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டிரைவர் அண்ணனுக்கு அவர்கள் வைத்த பெயர் ஆமை மாமா.

அதற்குக் காரணம் இருந்தது. முதல் வருஷம் அவர் அந்த பஸ்ஸை ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை அல்ல, பச்சைக் குழந்தையைப் பிடித்திருக்கிற மாதிரி பிடித்திருந்தார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு கிழவர் நடந்தே தாண்டிப் போனார் என்று நான் சொன்னால் அண்ணன் இன்றைக்கும் சண்டைக்கு வருவார். வேகத்தடை வந்தால் பஸ்ஸையே நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஏற்றி மெல்ல இறக்குவார். பிள்ளைகள் உச்சுக் கொட்டிப் பார்த்தார்கள், பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் முன் சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து அவர் தோளருகே போய் நின்றாள். தலையில் ஒரு முடி கிடையாது, மூக்குவரை இறங்கிய தொப்பி, வயதுக்கு மீறிய அதட்டல்.

“மாமா, நாங்க முட்டை இல்ல” என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. அடுத்த வேகத்தடையில் கொஞ்சம் வேகமாக ஏற்றினார். கடைசி வரிசையில் இருந்த பிள்ளைகள் ஒரு சாண் எழும்பி விழுந்து, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனால் முகம் அன்றைக்கு மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அவர் சம்சாரம்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பெண்தான் கண்டக்டர். அவளுக்கு ரத்தப் புற்றுநோய். அதை அவள் ஜலதோஷம் என்று சொல்கிற தோரணையில் சொல்லுவாள். அன்றைக்கே தன்னைத்தானே கண்டக்டராக நியமித்துக்கொண்டாள். முன் சீட்டு அவளுடையது. யார் எங்கே உட்கார வேண்டும், எந்தச் சன்னல் திறந்திருக்க வேண்டும், எந்தப் பாட்டை யார் ஆரம்பிக்க வேண்டும், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஹாரன் வேண்டும் என்றதும் அவள்தான். சும்மா பாம் பாம் என்று அடித்தால் எந்தப் பிள்ளைக்கு வந்த பஸ் என்று தெருவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதனால் ஒரு வீட்டுக்கு இரண்டு குட்டை, ஒரு வீட்டுக்கு மூன்று குட்டை என்று பிரித்துக் கொடுத்தாள். தன் வீட்டுக்கு மட்டும் ஒரு நெடிலும் இரண்டு குட்டையும் வைத்துக்கொண்டாள். அதிகாரி வீட்டுக்கு ஒரு கெத்து வேண்டாமா என்றாள்.

அந்த முகாமைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்காது. மருந்து அறை இருக்கும், டாக்டர் இருப்பார், ஆனால் தேடினால்தான் கண்ணில் படுவார்கள். வாசலில் தாழ்ந்த கிளைகளோடு ஒரு மரம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முடி இல்லாத பிள்ளைகள் தங்கள் தொப்பியையும் டோப்பாவையும் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வெளியே எங்கே போனாலும் அவர்களைப் பார்த்து நாலு பேர் ‘ஐயோ பாவம்’ என்று முணுமுணுப்பார்கள். இங்கே எல்லாரும் ஒரே மாதிரி என்பதால் பார்க்க ஒன்றுமில்லை. மருந்து சொட்டுகிற கம்பியைத் தள்ளிக்கொண்டு ஓட்டப்பந்தயம் விடுவார்கள். அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு முகாமிலேயே தங்குவார். ஊஞ்சல் சங்கிலியைச் சரிசெய்வார், ரப்பர் படகுக்குக் காற்றடிப்பார், தோற்றவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஜெயித்தது இவன்தான் என்று அநியாயமாகத் தீர்ப்புச் சொல்லுவார்.

“உங்களுக்கு வருஷத்துல அந்த ஒரு வாரம்தான் உயிர். மத்த நாளெல்லாம் இன்ஜின் மட்டும் ஓடுது” என்று அவர் சம்சாரம் என் எதிரிலேயே ஒருநாள் சொன்னார். அதில் கிண்டல் பாதி, வருத்தம் பாதி. மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டவன். வீட்டில் இரண்டு பேரும் டிவியும்தான். அண்ணன் சிரித்தார். அந்த அம்மாள் சொன்னது உண்மை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முகாமுக்கு முந்தின நாள் அதன் அலுவலகத்து மேடம் அண்ணனுக்கு போன் பண்ணி, எந்தெந்தத் தெருவில் எந்தெந்த வீடு என்று வரிசையாகச் சொல்லுவார். போன வருஷம் இருந்த ஒரு வீடு இந்த வருஷம் வரிசையில் இருக்காது. ஏன் இல்லை என்று மேடம் சொல்ல மாட்டார், அண்ணன் கேட்க மாட்டார். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியது அண்ணன்தான்.

ஆரம்பத்தில் மேடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வக்கீல் என்று ஒரு பையன் இருந்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவான், ஊசி போட வந்த நர்ஸிடம்கூட வாய்தா கேட்பான். ஒரு வருஷம் போனில், அவன் வீட்டுக்குப் போக வேண்டாம், அவன் போய்விட்டான் என்று மேடம் சொல்லிவிட்டார். மறுநாள் பஸ் அவன் வீட்டுப் பக்கத்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் அண்ணன் ஓரமாக நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவரால் கியரைப் போட முடியவில்லை. பின்னால் பிள்ளைகளெல்லாம் பயந்துபோனார்கள். அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. நான் எழுந்து போய், பெட்ரோல் வாசனையில் மாமாவுக்குத் தலை சுற்றுகிறது என்று ஒரு கதை விட்டேன். பொய் சொல்லாத வாய் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்த ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். ஓடியது டீசல் வண்டி வேறு.

அன்றைக்கு முகாமில் மேடத்திடம் போய் அண்ணன் சொன்னார்: “இனிமே எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். எது இல்ல, ஏன் இல்லன்னு சொல்லாதீங்க. தெரிஞ்சா என்னால வண்டி ஓட்ட முடியாது. வண்டி ஓட்ட முடியலன்னா மத்த பிள்ளைங்க எப்படி வரும்?”

மேடம் ஒத்துக்கொண்டார். நானும் ஒத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தால் என் மூஞ்சியே ஊருக்குத் தண்டோரா போட்டுவிடும். ஆகவே எனக்கும் தெரியக்கூடாது என்று முடிவாயிற்று.

ஒரு வீடு வரிசையிலிருந்து போக இரண்டு காரணம் உண்டு. ஒன்று, வக்கீலுக்கு நடந்தது. இன்னொன்று, வியாதி முழுசாகக் குணமாகி, டாக்டர் இனி நீ எல்லாரையும் போல ஒரு பிள்ளை என்று சொல்லிவிடுவது. குணமானவர்களுக்கு அடுத்த வருஷம் முகாமில் இடம் கிடையாது. வெளியே காத்திருக்கிற பிள்ளைகள் அத்தனை பேர். இதில் எது எந்த வீட்டுக்கு என்று தெரியாதல்லவா, அண்ணன் எல்லா வீட்டையும் இரண்டாவது கணக்கில் போட்டுக்கொண்டார். போகிற வழியில் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார். “அந்தப் பல்லு நீண்ட பையன் இருந்தானே, அவன் இந்நேரம் பந்தாட்ட டீம்ல இருப்பான். நம்மளையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும் அவனுக்கு.” இன்னொரு தெருவைத் தாண்டும்போது, “இந்த ரெட்டைச் சடைப் பொண்ணு வெளியூர்ல ஹாஸ்டல்ல சேர்ந்திருக்கும். கெட்டிக்காரப் பொண்ணு” என்பார். நானும், ஆமாம் அண்ணா, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் அம்மாவுக்கு போன் பண்ணி அழும் என்று எடுத்துக் கொடுப்பேன். இப்படி இரண்டு பேருமாகச் சேர்ந்து எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

அவர் நிஜமாகவே நம்பினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நம்பாமல் அந்த பஸ்ஸை ஓட்ட முடியாது என்பது தெரியும்.

கண்டக்டர் வருஷா வருஷம் வந்தாள். ஒரு வருஷம் முடி வளர்ந்து வந்தாள், அடுத்த வருஷம் மறுபடி தொப்பியோடு வந்தாள். வியாதி திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம். போன கோடையில்தான் அவளைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தாள், ஆனால் சட்டம் போடவில்லை. சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யார் எங்கே உட்கார்ந்தால் எனக்கென்ன என்று இருந்தாள். திரும்பி வருகிற அன்று வீட்டு வாசலில் அவளால் படி இறங்க முடியவில்லை. நான்தான் தூக்கி இறக்கினேன். அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று தூக்கின கைக்குத் தெரியும், நான் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “அடுத்த வருஷம் வருவல்ல?” என்று சீட்டிலிருந்தே கேட்டார். “வராம?” என்றாள் அவள். அவ்வளவுதான் அவளுக்குத் தெம்பு இருந்தது.

அந்த வருஷம் முழுக்க அண்ணன் சரியாக இல்லை என்று அவர் சம்சாரம் சொன்னார். சிக்னலில் நின்றால் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் ரோட்டைக் கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். தொப்பி போட்ட பெண் பிள்ளை யாராவது போனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாராம். மேடத்தின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தாமல் வைத்துவிடுவாராம். கேட்டால் இருக்கிறாள் என்று தெரியும், இல்லாவிட்டால் இல்லை என்று தெரியும். கேட்காதவரைக்கும் அவள் எங்கேயோ இருக்கிறாள். ஏக்கம் என்றால் நான் அதுவரைக்கும் காதலர்களுக்கு வருவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபதை நெருங்குகிற ஒரு டிரைவருக்கு, யார் வீட்டுப் பிள்ளைக்காகவோ அது வந்து, அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடையில் மேடம் போன் பண்ணினார். அண்ணன் கேட்டுக்கொண்டார். பிறகு எனக்கு போன் பண்ணினார்.

“கண்டக்டர் வீடு வரிசையில இல்லம்மா” என்றார்.

எனக்கு வாயடைத்துவிட்டது. என் வாயையே அடைத்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“மேடத்துக்கிட்ட நீ கேக்குறியா?” என்றார் அண்ணன்.

“நான் கேட்டா நாளைக்கு என் மூஞ்சியைப் பார்த்தே உங்களுக்குத் தெரிஞ்சுடும் அண்ணா.”

“அப்ப வேணாம்” என்றார். போனை வைக்கவில்லை. வழக்கம் போல அவளுக்கும் ஒரு படிப்பையோ வேலையையோ அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் அவரால் எதையும் கற்பனை பண்ண முடியவில்லை.

மறுநாள் காலையில் பஸ் கிளம்பியது. அண்ணன் நன்றாகச் சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார், கண்தான் வீங்கியிருந்தது. ஒவ்வொரு வீடாக ஹாரன் அடித்தோம், பிள்ளைகளை ஏற்றினோம். புதிதாக ஒரு சின்னப் பெண் வந்தாள். ஆறு வயதோ ஏழோ இருக்கும். பெரிய பிள்ளைகள் பின்னாலுள்ள சீட்டுகளையெல்லாம் பிடித்துக்கொண்டதால் முன் சீட்டு ஒன்றுதான் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை, ஏனென்று யாரும் சொல்லவும் இல்லை. நான் அந்தச் சின்னப் பெண்ணை அதில் உட்கார வைத்தேன். பை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெயர் கேட்டாலும் சொல்லாமல், கீழே விழுந்துவிடுவோமோ என்பது போல உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அந்தச் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

மருந்துக்கடை முனையில் நேராகப் போக வேண்டும். பஸ் இடது பக்கம் திரும்பியது.

நான் அப்போது குனிந்து ஒரு பையனுக்கு வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது இரண்டு பக்கமும் தெரிந்த கடைகள். தையல் கடை, சைக்கிள் கடை, பல் டாக்டர் போர்டு. அட கடவுளே என்று நான் எழுந்திருப்பதற்குள் பச்சை கேட் வந்துவிட்டது. அண்ணன் கை ஹாரனில் இருந்தது. ஒரு நெடில், இரண்டு குட்டை.

“அண்ணா, இந்த வீடு இல்ல” என்றேன்.

அவர் கையை எடுத்தார். அந்தக் கையையே பார்த்தார். வருஷக்கணக்காகத் திரும்பின திருப்பம், கை தானாகத் திருப்பிவிட்டது. மனசு முழுக்க அந்த வீட்டை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அங்கே போகக்கூடாது என்பது மட்டும் மறந்துபோயிருக்கிறது. பழைய பிள்ளைகளுக்கு அது யார் வீடென்று தெரியும். பின்னால் எடுக்கலாம் என்றால் பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றுவிட்டது. முன்னால் ஒருவர் ஸ்கூட்டரை நட்ட நடுவில் நிறுத்திவிட்டுத் தையல் கடைக்குள் போயிருந்தார். அவரை மனசுக்குள் என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

பச்சை கேட்டுக்கு உள்ளே கதவு திறந்தது. அவள் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அண்ணன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா மூஞ்சி எப்படி இருக்குன்னு பாரு” என்றார் என்னிடம், உதட்டை அசைக்காமல்.

பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திகைப்பு இருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் படிக்கப் பார்த்தேன். அதற்குள் மாடியிலிருந்து ஒரு குரல் தெருவையே கிழித்துக்கொண்டு வந்தது.

“அம்மா, நான் சொன்னேன்ல! பஸ் வந்துடுச்சு!”

அந்த அதட்டலை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன். அண்ணன் அப்படியே ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துவிட்டார். நெற்றி ஹாரனில் பட்டு, பஸ் பாட்டுக்கு அலறிக்கொண்டு நின்றது. பின்னால் பிள்ளைகள் சிரிப்பும் கூச்சலுமாக எழுந்துவிட்டார்கள். நான் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினேன். முகமெல்லாம் ஈரம். “இருக்கா” என்றார். “இருக்காம்மா.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது முழுசாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மாடியில் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது, இழுப்பறைகளை இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் அம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவள் பை கட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்பதை நான் இரண்டு தடவை சொல்லுவேன், போன வருஷம் நான் தூக்கி இறக்கின பிள்ளை. காது மறைக்கிற அளவுக்கு முடி, சீவாமல் நாலு பக்கமும் நின்றது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஒரு காலில் சாக்ஸ், ஒரு காலில் இல்லை. பையின் ஜிப்பில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டு வெளியே தொங்கியது.

“ஏன் மாமா லேட்டு?” என்றாள். மூச்சு வாங்கியது. “இந்த வருஷம் உனக்குக் கிடையாதுன்னு போன் வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. நான் நம்பவே இல்ல. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

பிள்ளைகளை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. டிரைவர் சீட்டை விட்டு இறங்கக்கூடாது, அது சட்டம். நான் இறங்கி அவள் எதிரில் நின்றேன். பையை வாங்குவதா, அவளைத் தடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் இன்ஜின் நின்றது. அண்ணன் இறங்கி வந்தார். அத்தனை வருஷத்தில் அந்த வாசலில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நின்று பார்த்தால் அவள் அவர் தோளுக்கு வளர்ந்திருந்தாள். சீட்டிலிருந்தே பார்த்துப் பழகின அவருக்கு அது தெரிந்திருக்காது.

“மாமா தப்பா வந்துட்டேன்மா” என்றார்.

“தப்பாவா?”

“பழக்கம். கை தானா திருப்பிடுச்சு. உனக்கு இந்த வருஷம் இடம் இல்ல.”

“இடம் இல்லன்னா என்ன, நின்னுக்கிட்டே வர்றேன். நான்தான் கண்டக்டர் ஆச்சே.”

“உனக்கு உடம்பு சரியாயிடுச்சு. இது சரியாகாத பிள்ளைங்க பஸ்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எனக்கும் முழுசா சரியாகல. நேத்துகூட இருமினேன்” என்றாள். அவள் அம்மா, ஏய் என்றார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. குரல் இறங்கிப்போய், அண்ணனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்: “திரும்ப வந்துச்சுன்னா சேத்துப்பீங்களா?”

அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அந்தப் பேச்சை எடுக்காத” என்றார். “போன வருஷம் உன்னை இறக்கிவிட்ட நாள்லேர்ந்து ரோட்டுல போற பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் பார்த்துக்கிட்டிருக்கேன். நீ இருக்கியா இல்லையான்னு கேக்கக்கூட எனக்குத் தைரியம் இல்ல. நீ எப்ப வருவ, எப்ப வருவன்னு ஏங்கிக்கிட்டு இருந்தேன். இப்ப பார்த்துட்டேன், எனக்குப் போதும். நீ இந்த பஸ்ல ஏறக்கூடாது. இனிமே என்னைக்கும் ஏறக்கூடாது.”

அவள் உதடு பிதுங்கியது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

“அப்ப எதுக்கு ஹாரன் அடிச்சீங்க?” என்றாள்.

அவள் பையைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கண்டக்டர், கண்டக்டர் என்று கூப்பிட்டார்கள். சன்னலுக்குக்கூட அவள் வரவில்லை.

“சின்னப் பிள்ளை, கோவம் போயிடும்” என்றார் அவள் அம்மா. அழுதுகொண்டேதான் சொன்னார். “அந்த முகாமுக்குப் போகணும்னு மாசக் கணக்கா ஏங்கிக்கிட்டிருந்தா. ஸ்கூல்ல இவகூட இன்னும் யாரும் சரியா சேரல. உங்க பஸ்தான் அவளுக்கு எல்லாம். நீங்க தப்பா நினைக்காதீங்க.”

“சேருவாங்கம்மா” என்றார் அண்ணன். “அவ அதட்டுற அதட்டலுக்குச் சேராம எங்க போவாங்க.” கும்பிட்டார், ஏறி உட்கார்ந்தார். ஸ்கூட்டர்காரர் தைத்த துணியோடு நிதானமாக வந்து வண்டியை எடுத்தார்.

அந்தத் தெருவை விட்டு வெளியே வரும்வரை அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பச்சை கேட் சின்னதாகிக்கொண்டே போனது. சந்தோஷப்பட வேண்டிய நாள், இரண்டு பேருக்கும் அது நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வருஷமெல்லாம் யாருக்காகக் காத்திருந்தாரோ, அவளை வாசலில் அழவிட்டுவிட்டு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. போகாமல் இருந்தால்தான் தப்பு.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் முன் சீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் யார் என்று தெரியவில்லை. காலையிலிருந்து வாய் திறக்காத அந்தச் சின்னப் பெண்தான்.

“அந்த அக்கா ஏன் வரல?”

அண்ணன் சொன்னார்: “அவளுக்குச் சரியாயிடுச்சும்மா.”

“சரியாயிட்டா பஸ் வராதா?”

“வராது.”

அவள் பை வாரைத் திருகிக்கொண்டே அதை யோசித்தாள். அவர் பின்தலையைப் பார்த்துக் கேட்டாள்: “எனக்குச் சரியாயிட்டா எங்க வீட்டுக்கும் வர மாட்டீங்களா?”

“வர மாட்டேன்.”

“தப்பாக்கூட?”

அண்ணன் கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

“தப்பாக்கூட வர மாட்டேன்மா” என்றார்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.